இரண்டு ஊரில் ஓர் ஆள்

பெங்களூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் கோமுவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள்? சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பதில் போயாக வேண்டும். கூட்டிக் கேட்டால் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். குறைத்துக் கேட்டால், வாடகையைக் கட்டிவிட்டு மாசம் பூராவும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாலு வருஷமாக ஊசி குத்தியும் முப்பத்திரண்டாயிரத்தைத் தாண்டாதவளிடம், ஆய்வகம் முழுவதையும் உன் பொறுப்பில் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்று நாளாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அதிலேயே அவள் புருஷனுக்குத் தெரிந்துபோயிற்று.

"கணக்க நான் போட்டுத் தாரேன்" என்றான் குற்றாலலிங்கம்.

அவனை விட்டால் வேறு யார் போடுவது. மாவட்டக் கருவூலத்தில் பத்தொன்பது வருஷம். மற்ற அலுவலகங்களிலிருந்து வருகிற பட்டியல்களைப் படித்து, சரியில்லாத வரிக்கு எதிரே சிவப்பு மையில் 'தணிக்கைத் தடை' என்று எழுதித் திருப்பி அனுப்புவதுதான் அவன் பிழைப்பு. ஒரே நாளுக்கு இரண்டு ஊரில் பயணப்படி கேட்டவர் எத்தனை பெரிய அதிகாரியானாலும் அவன் விட்டதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. மளிகைச் சீட்டில் கோமு கடுகை இரண்டு தடவை எழுதிவிட்டால் ஓரத்தில் தடை போட்டு வைப்பான். அவளும் சளைத்தவள் இல்லை. அவன் வாங்கி வந்த கத்தரிக்காயில் பூச்சி இருந்தால் பையின் மேலேயே தடை எழுதிக் கதவில் மாட்டிவிடுவாள்.

சனிக்கிழமை காலையில், பெங்களூரில் இருக்கிற பழைய வகுப்புத் தோழன் ரேமண்டைப் போனில் பிடித்து ஒரு மணி நேரம் குடைந்தான். வாடகை, முன்பணம், பால், ஆட்டோ என்று வந்து லாரித் தண்ணீரில் நின்றது பேச்சு.

"குளிக்கதுக்குக்கூடவாலே தண்ணிய வெலைக்கு வாங்குதீங்க?"

"இங்கன வந்து பாரு, தெரியும்" என்றான் ரேமண்ட்.

குழாயைத் திறந்தால் தாமிரபரணி வருகிற வீட்டில் பிறந்தவனுக்கு இது அடுக்குமா. ரேமண்ட் சொன்னதைப் போல இரண்டு மடங்கு எழுதிக்கொண்டான்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் நாலு பக்கத் தாளைக் கோமுவிடம் நீட்டினான். மாதச் செலவு ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். அவன் கைக்கு வருகிற சம்பளம் ஐம்பத்திரண்டாயிரத்தைக் கழித்தால், கோமு கேட்க வேண்டியது ஒரு லட்சம். அடியில் கோடு கிழித்துக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

கோமு அவன் சட்டைப் பையிலிருந்தே சிவப்புப் பேனாவை உருவினாள்.

"தேங்கா மாசத்துக்கு அறுபதா? ரெண்டு பேருக்கு?"

"வாராவாரம் சொதி வைக்கணும்லா. தேங்காயில மூணு பால் எடுக்கணும்."

"சொதி வைக்கவா, தெனமும் பிள்ளையாருக்கு விடலைத் தேங்கா போடவா?" தடை.

"கம்பளி ஆறு. பெங்களூரு இமயமலைக்கு மேலயா இருக்கு?" தடை.

"திருநெல்வேலிக்கு ரயிலு, மாசத்துக்கு ரெண்டு தடவை. அப்ப அங்கன எப்பதான் இருக்கது?" தடை.

நாங்குநேரியில் இருக்கிற அவன் அக்காவுக்கு வருஷாவருஷம் கொண்டுபோய்க் கொடுக்கிற பொங்கல்படியில் மட்டும் பேனா வேறு மாதிரி ஓடியது. மூவாயிரத்தை அடித்து ஐயாயிரம் ஆக்கினாள். "வெளியூருக்குப் போனதும் தம்பி மாறிட்டான்னு மதினி நெனைக்கக் கூடாது" என்றாள். அந்த நிமிஷம் அவள்மேல் அவனுக்கு வந்த பிரியத்துக்கு எந்தத் தாளிலும் வரி கிடையாது.

அடுத்த வரி: இங்கே வீட்டு வாடகை, கரண்டு, எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம். பேனா கொஞ்சம் நின்றது. பிறகு சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டு மேலே போனாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும்.

கடைசியில் மொத்தச் செலவில் முப்பத்திரண்டாயிரம் குறைந்தது. "அறுபத்தெட்டு கேட்டாப் போதும். கண்ண மூடிட்டுக் குடுப்பாங்க" என்று சந்தோஷமாகச் சொன்னவள், கடைசி வரியில் மறுபடி குனிந்தாள்.

"ஒங்க சம்பளத்தக் கழிச்சிருக்கீங்களே. அது எங்கன இருந்து வரும்?"

"கருவூலத்துல இருந்துதான்."

"அப்ப நீங்க இங்கன இருப்பீங்க."

"ஆமா."

"பெங்களூருல ரெண்டு பேருக்குச் சோறு, ரெண்டு பேருக்குத் தண்ணின்னு போட்டிருக்கே. அந்த ரெண்டாவது ஆளு யாரு?"

குற்றாலலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தான். காது இரண்டும் சுட்டது. ஊரெல்லாம் செய்கிறது என்று அவன் பத்தொன்பது வருஷம் தேடிப் பிடித்த தப்பு. ஒரே ஆளுக்கு இரண்டு ஊரில் பட்டியல். வேண்டுமென்று செய்யவில்லை. கோமு இல்லாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி அவனுக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை. கருவூலத்து நாற்காலியை விட்டு எழுந்து போகிற மாதிரியும் வரவில்லை. இரண்டையும் எழுதிவிட்டான்.

'ஆள் எந்த ஊரில் என்று தெளிவுபடுத்தவும்' என்று ஓரத்தில் எழுதிவிட்டுக் கோமு பேனாவை அவன் கையில் கொடுத்தாள். மணி மூன்றரை.

"ஒத்தையில போகணும்னாலும் நான் போவேன்" என்றாள். "கோவமெல்லாம் இல்ல. ஒங்களுக்கும் சேத்துக் கேக்கவா, வேண்டாமா? அது மட்டும் எனக்குத் தெரியணும்."

அவன் பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினான். பொண்டாட்டி சம்பளத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்று சொல்லுவார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வேறொருத்தனை அவனே அப்படிச் சொல்லியிருக்கிறான். சரி, சொல்லட்டும். ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறக்கும்போது உள்ளே யாரும் பாட்டு முணுமுணுக்காத வீடு இருக்குமே, அதற்கு என்ன செய்வது? குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெகுநேரம் நின்றான்.

உள்ளே வந்து ஐம்பத்திரண்டாயிரத்தை அடித்தான். 'சம்பளமில்லா விடுப்பு, இரண்டு வருஷம்' என்று எழுதி, எதிரே ஒரு சுழியம் போட்டான். ஒரு சுழியம் போட அவனுக்கு இத்தனை நேரம் ஆனதே இல்லை. கோமு கேட்க வேண்டியது இப்போது ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"நெசமாத்தானா?"

"எழுதினா எழுதினதுதான், கோமு. அனுப்பு."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பதில் வந்தது. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் முடியாது, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். போனை அவனிடம் காட்டிவிட்டு, கோமு தாளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். தேங்காய் ஏற்கெனவே பன்னிரண்டுக்கு வந்திருந்தது.

"சொதிய விட்டுருவோம்" என்றாள்.

குற்றாலலிங்கம் பேனாவைத் திறந்து, அவள் டிக் போட்ட வரிக்குப் போனான். இங்கே வீட்டு வாடகை, கரண்டு, பத்தாயிரம். ஒரே கோடாக அடித்து, அடித்த இடத்தில் முறைப்படி சுருக்கொப்பமும் வைத்தான்.

"அது இருக்கட்டுங்க. அங்கன ஒங்களுக்குப் பிடிக்கலன்னா திரும்பி வரணும்லா. அதுக்குத்தான் நான் தொடாம விட்டேன்."

"தெரியும்" என்றான் அவன். "வீட்டுக்கார அண்ணாச்சிகிட்ட ரெண்டு மாசம் முந்தியே சொல்லணும். நான் போயி சொல்லிட்டு வாரேன். நீ சரின்னு போடு."

செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவன் எதிரே வந்து, கோமு சிவப்புப் பேனாவை மூடி அவன் சட்டைப் பையில் செருகினாள். கையை உடனே எடுக்கவில்லை.