இரண்டாம் எண் கை

ஜுரான்திர் என்றால் கொசுக்களுக்கு உயிர். பெலேம் நகரில் பஞ்சர் கடை வைத்திருந்த அவனுக்கு வேறு எங்கும் அவ்வளவு வரவேற்பு கிடையாது. மாமியார் ஜுல்மிராவின் வீடு மட்டும் விதிவிலக்கு. ஞாயிறு சாயங்காலம் ஆற்றோர முற்றத்தில் விருந்து நடக்கும்போது அவனைத்தான் நடுவில் உட்காரவைப்பாள். கொசுக்கள் மொத்தமும் அவன்மேல் மொய்க்க, மற்றவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அதை மரியாதை என்றே நினைத்திருந்தான்.

ஒருநாள் டாக்டர் ஒலிந்தா டயர் ஒட்ட வந்தாள். பல்கலைக்கழகத்தில் செடி கொடிகளிலிருந்து கொசுவிரட்டி எண்ணெய் எடுப்பது அவள் வேலை. டயரை விட்டுவிட்டு அவன் கையையே பார்த்தாள்.

"எப்பவும் இப்படித்தான் கடிக்குமா?"

"இன்னிக்குக் கம்மி, டாக்டர்."

செவ்வாய்க்கிழமை அவள் ஆய்வகத்தில் அவன் கை வலைப்பெட்டிக்குள் போனது. உள்ளே இருநூறு பட்டினிக் கொசுக்கள். வெறுங்கையில் முப்பது நொடியில் நாற்பத்தொன்று உட்கார்ந்தன. ஒலிந்தா "அற்புதம்" என்றாள். அந்தக் கையை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. குறிப்பேட்டில் அவன் பெயர் 'கை - 2'.

பிறகு எண்ணெய்கள். அந்திரோபா விதை எண்ணெய் இருபது நிமிஷம் தாங்கியது. எலுமிச்சைப்புல் நாற்பது. அந்திரோபாவோடு ஏதோ காட்டுக் கிழங்கைச் சேர்த்த பதினோராம் புட்டிக்கு, கொசுக்கள் ஐந்து மணி நேரம் பெட்டியின் மறுமூலையில் ஒண்டிக் கிடந்தன. ஒரே குறை, நனைந்த ஆட்டின் வாடை. வாங்க வந்த வியாபாரிகள் மூடியைத் திறந்ததும் காரில் ஏறிவிட்டார்கள். மிச்சத்தை ஒலிந்தா ஜுரான்திரிடமே கொடுத்தாள்.

ஞாயிறன்று அதைப் பூசிக்கொண்டு விருந்துக்குப் போனான். பொரித்த மீனும் அசாயிப் பழக்கூழும் வந்தன. கொசுக்களும் வந்தன. மைத்துனன் நெல்சினோ தன் கழுத்தில் பளாரென்று அடித்துக்கொண்டான். ஜுல்மிரா இரண்டு கால்களையும் மாறி மாறிச் சொறிந்தாள்.

"மாப்ள, உடம்பு கிடம்பு சரியில்லையா? உங்கள ஒண்ணுகூடக் கடிக்கலையே?"

அவன் எண்ணெய் விஷயத்தைச் சொன்னான்.

"குழாய் அங்க இருக்கு. நல்லா சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

"எதுக்கு அத்தை?"

"எதுக்கா? நாங்க சாப்பிட வேணாமா?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. வாயிலிருந்த மீனை மெதுவாக மென்று விழுங்கினான். பழக்கதோஷம், எழுந்து குழாய்ப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டான்.

"உட்காருங்க" என்றாள் அவன் மனைவி எடிலெனி. கல்யாணமான நாளிலிருந்து அம்மா வீட்டில் அவள் புருஷன் பக்கம் பேசியதே இல்லை. "அம்மா, கடிக்குதுன்னா நீ உள்ள போயேன்."

போனார்கள். மற்ற ஒன்பது பேரும் தட்டோடு அடுக்களையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள்.

முற்றத்தில் இருவர் மட்டும். எடிலெனி தன் கையை அவன் கையில் மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டாள்.

"நாத்தம் குடலைப் புடுங்குது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.