அப்பா கல்

புதன்கிழமை காலை பதினொன்று பத்து. வைஜெயந்தி பொம்மைகளைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தாள்.

ஷாதிபூரிலிருந்து மகளோடு அவள் இந்த ஆலோசனை மையத்துக்கு வருவது இது நான்காவது வாரம். தாயும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும். ஆலோசகர் பங்கஜம் எதிரில் உட்கார்ந்து எழுதுவார். இதற்குப் பெயர் சிகிச்சை. மருந்து இல்லை, ஊசி இல்லை. எழுத்து மட்டும்.

எழுதுவது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். குழந்தைகள் நலக் குழுவுக்கு. கணவனின் அண்ணன் ஈஸ்வரன் அங்கே மனு கொடுத்திருந்தார்.

இரண்டு மாதங்களுக்கு முன் சாத்தம் பக்கம் கடலில் டிங்கிப் படகு கவிழ்ந்து கணவன் சுரேந்திரன் இறந்தான். நான்கு வயது மகள் சங்கவி கரையிலிருந்து பார்த்தாள். அதன்பின் வெளியாள் முன் அவள் பேசுவதில்லை. அன்று காலை வீட்டில் சண்டை, பிள்ளை தாயிடம் இருக்கக் கூடாது என்பது ஈஸ்வரனின் மனு.

சங்கவி ஒரு பொம்மையை மரப்படகில் உட்கார வைத்தாள்.

“அப்பா கல்.”

அந்த அறையில் அவள் முதன்முதலாகப் பேசியது அது. பங்கஜம் எழுதினார். வைஜெயந்தியால் அதைத் தலைகீழாகவும் படிக்க முடிந்தது.

“அன்னிக்கு யாராவது கல் எறிஞ்சாங்களாம்மா?” என்று வைஜெயந்தியிடம் கேட்டார்.

“யாரு?”

“சும்மாதான் கேக்கறேன்.”

“சும்மா கேக்கறத எதுக்கு எழுதறீங்க? அவரோட அண்ணன் சொல்லிக் குடுத்தாரா?”

“பாப்பா சொன்னதத்தான் எழுதினேன்.”

வைஜெயந்திக்கு அப்போதுதான் புரிந்தது.

“மேடம், நீங்க மெயின்லேண்ட்லேர்ந்து இந்தத் தீவுக்கு வந்து எத்தனை மாசம்?”

“மூணு.”

“அதான். உங்க மதுரையில கல்லுன்னா கல்லு. இவ ஸ்கூல்ல கத்துக்கிட்டது ஹிந்தி. அதுல நேத்தும் கல், நாளைக்கும் கல்.”

பங்கஜம் அந்த வரியை அடித்தார்.

“அப்ப இது நேத்தா, நாளைக்கா?”

வைஜெயந்தி படகில் இருந்த பொம்மையைப் பார்த்தாள்.

“நாளைக்கு. அப்பா எப்ப வரும்னு டெய்லி கேப்பா. கல் ஆயேகா, நாளைக்கு வந்துரும்னு சொல்லுவேன்.”

பங்கஜம் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னும் சொல்லலியா?”

“போட் கவுந்தது தெரியும். மிச்சம் சொல்லல.”

“நீங்கதான் சொல்லணும். இங்கயே சொல்லலாம். நான் கூட இருக்கேன்.”

நோட்டு திறந்தே இருந்தது. பேனாவை அவர் கீழே வைக்கவில்லை. வைஜெயந்தி மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சொன்னா, இவ எங்கிட்டயே இருப்பாளா மேடம்?”