முப்பத்தொன்றாம் மரத்தின் காப்பி

ஜிம்மா நகருக்கு மேற்கே ஒரு காப்பிப் பண்ணையில் லெலிஸே ஒன்பது வருஷம் பாடுபட்டு வளர்த்த மரங்களை மறுநாள் பிடுங்குவதாக முடிவாகிவிட்டது. அதற்கு முன் இன்னும் ஒரே ஒரு தடவை ருசி பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள்.

காட்டுக் காப்பி மரம் ஒன்றின் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனால் மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். ஆனால் காய்நோய் வந்தால் தாங்காது. நோயை அண்டவிடாத இன்னொரு மரத்தோடு அதைக் கலந்தாள். பிறந்த மரம் நோயைத் தாங்கியது. மணம்தான் போன இடம் தெரியவில்லை. சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் "வெந்நீர்" என்று எழுதினான் கெபிசா. பண்ணையில் காப்பி ருசி பார்ப்பவன், அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், வாய் கொஞ்சம் நீளம்.

அந்த மரத்தின் விதையில் முளைத்து, நோயில் போனவை போக மிஞ்சியவைதான் இந்த நாற்பது. போன அறுவடையில் பறிக்கும் பெண்கள் வழக்கம்போல வரிசைப் பழம் முழுவதையும் ஒரே கூடையில் கொட்டினார்கள். கெபிசா மறுபடியும் வெந்நீர் என்றான். அதனால்தான் பிடுங்கும் முடிவு. ஒரே வயிற்றுப் பிள்ளைகளானாலும் ஒருவர் சாயல் இன்னொருவருக்கு இருப்பதில்லையே என்பது அப்புறம்தான் லெலிஸேவுக்கு உறைத்தது. படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இந்தத் தடவை மரத்துக்கு ஒரு துணிப்பையாக அவளே பறித்து, தனித்தனியே வறுத்து, மரத்துக்கு ஒரு கோப்பையாக மேஜையில் வைத்தாள்.

"நாற்பது கோப்பையா? எங்க தெருவே விருந்துக்குத் திரண்டு வந்தாலும் மூணு சுத்துதான் காப்பி ஊத்துவோம்" என்று முனகிக்கொண்டே கெபிசா கரண்டியை எடுத்தான். ருசி பார்ப்பவர்கள் வழக்கப்படி உறிஞ்சினான், துப்பினான், அடுத்ததுக்குப் போனான். இருபதைத் தாண்டியபோது லெலிஸேவுக்குப் பார்க்கத் தெம்பில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முப்பத்தொன்றாவது கோப்பையில் உறிஞ்சும் சத்தம் கேட்டது. துப்பும் சத்தம் வரவில்லை. அவன் விழுங்கியிருந்தான். இருபது வருஷத்தில் அந்த மேஜையில் அவன் விழுங்கி யாரும் பார்த்ததில்லை.

அவள் கோப்பையைப் பிடுங்கி வாயில் வைத்தாள். அதே மல்லிகை. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெந்நீர் என்று பேர் வாங்கிய தாய்மரம், தான் ஒரு நாளும் வெளிக்காட்டாத மணத்தை, தனக்கென்று ஒரு துளி எடுத்துக்கொள்ளாமல் விதைக்குள் பத்திரமாக வைத்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது. அவளுக்குக் கண் கலங்கியது.

மரங்களைத் தொடக்கூடாது என்று கெபிசா பதிவேட்டில் முதல் வரி எழுதினான். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டினான்.

"தாய்மரத்துல மணமே இல்லை, வெந்நீர்னு எழுதினது நான்தான், லெலிஸே."

"அந்த வரியை அடிச்சுடு. 'மணம் எனக்குத் தெரியல'ன்னு எழுது."

அவன் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டான்.