ஆணா பெண்ணா என்று பரிமளா சொல்லவில்லை

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். புதுக்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். கருவின் பாலினத்தை இங்கே தெரிவிப்பதில்லை என்று எழுதியிருந்தது. அழிந்துவரும் மீன்களை இனப்பெருக்கம் செய்யவும் ஸ்கேன் எடுக்கிறார்கள், அதுவும் ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்காகவே, என்று அதே வாரம் கேள்விப்பட்டேன். இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்தால்?

'பரிமளா காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து' — வேண்டாம். பஸ்ஸில் தொடங்கிய கதைகள் போதும்.

2

பரிமளா பதினெட்டு வருடம் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுத்தவள். இப்போது ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு மீன் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. அங்கே தொட்டியில் இரண்டே மீன்கள். கண்மாய்களில் அந்த இனம் இப்போது இல்லை. (பெயரைக் கேட்காதீர்கள். எங்காவது மிச்சமிருந்தால் அதையும் குழம்பு வைத்துவிடுவோம்.)

மயக்க மருந்து கொடுத்த முதல் மீனின் வயிற்றில், பழக்கதோஷத்தில் ஜெல்லைத் தடவப் போனாள்.

"ஜெல் வேணாங்க்கா, தண்ணியே போதும்," என்றாள் பண்ணையை நடத்தும் இர்ஃபானா.

திரையில் ரவை ரவையாக முட்டைகள். இது பெண். முட்டையிடவைக்கும் ஊசியை இன்றே போடவேண்டும், தள்ளிப்போட்டால் முட்டைகள் உள்ளேயே கரைந்துபோகும். ஆனால் இன்னொன்று ஆணாக இருந்தால்தான் அந்த ஊசிக்கே அர்த்தம்.

இரண்டாவது மீன். அதைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கியிருந்த இர்ஃபானாவுக்குத் திரை தெரியவில்லை.

"இங்கிட்டிருந்து ஒண்ணும் தெரியலக்கா. என்ன இருக்கு?"

பரிமளா பார்த்தாள். பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குங்க," என்றாள்.

"ஆணா பொண்ணா?"

"நல்லா இருக்குங்க. துடிப்பு நல்லா இருக்கு."

3

அவள் சொல்லாதது வெறும் பழக்கம் என்று முதலில் எழுதினேன். நீங்கள் நம்பமாட்டீர்கள், நானே நம்பவில்லை. ஆகவே இது:

பல வருடங்களுக்கு முன்னால் காத்தாயி என்றொருத்தி வந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்குப் பிறகு மூன்றாவது கர்ப்பம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரிமளா மனசு இளகி, "பொண்ணுதான், யாருக்கிட்டயும் சொல்லிராத," என்றாள். அந்த ஒரே ஒரு முறைதான். அடுத்த ஸ்கேனுக்குக் காத்தாயி வரவே இல்லை.

[இங்கே ஐந்து வரி எழுதி அடித்துவிட்டேன். பிறக்காத பிள்ளையை என் கதைக்கு இழுக்க வெட்கமாக இருந்தது.]

4

ஆண் என்று அவளைச் சொல்லவைத்தேன். குஞ்சுகள் பொரித்தன, அமைச்சர் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார். கிழித்துப் போட்டேன்.

பெண் என்று சொல்லவைக்கப் பார்த்தேன். 'அவள் வாயைத் திறந்து' — அதற்கு மேல் கை ஓடவில்லை. பெண் என்ற சொல்லை அந்த மனுஷி இன்னொரு முறை ஒரு முடிவாகச் சொல்லவேண்டுமா? எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

இர்ஃபானா மறுபடியும் கேட்கிறாள். பரிமளாவின் உதடு அசைகிறது. நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள், மயக்கத்தில் கிடக்கும் மீன் ரொம்ப நேரம் தாங்காது.