மச்சானுக்குப் பதில் இனி இவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, எனக்குச் சொல்லப்பட்ட வேலை. பதினோரு வருடங்களாக ஒரு தயாரிப்பாளரிடம் வசனம் எழுதுகிறேன். அவருடைய தொடர்களுக்கும் எழுதுகிறேன், அவருக்கும் எழுதுகிறேன். மேடையில் அவர் முழங்குவது, பேட்டியில் நெகிழ்வது, இரங்கல் கூட்டத்தில் தழுதழுப்பது எல்லாம் என் கைவரிசைதான். எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும் என்பதைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டுத் தந்துவிடுவேன்.

தயாரிப்பாளர் சங்கம் அவருக்கு நாற்பதாண்டுச் சாதனை விருது தரப்போகிறது. விழா மலரில் போட அவருடைய வாழ்க்கை நான்கு பக்கத்துக்கு வேண்டுமாம்.

"உண்மையா எழுதுங்க ரைட்டர். ஆனா எனக்குப் பிடிக்கிற மாதிரி இருக்கணும்," என்றார்.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நான் பார்க்கும் உத்தியோகம் அதுதான்.

2

முதல் தொடக்கம்: "அந்த இளைஞனின் கண்களில் ஒரு கனவு..." [இல்லை. அந்த இளைஞனின் கண்களில் இருந்தது தூக்கம். விடியற்காலையில் வேன் எடுக்க வேண்டும்.]

இரண்டாவது தொடக்கம்: "வேன் அவருடையது அல்ல."

இதுதான் உண்மை. வேன் அவருடைய நண்பருடையது. வாய் வார்த்தைக்கு 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், பிறகு இவர் தங்கையையே கட்டிக்கொண்டு நிஜ மச்சான் ஆனார். படப்பிடிப்புக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை. மச்சான் வண்டி ஓட்டுவார். இவர் பக்கத்தில் பட்டியலோடு உட்கார்ந்திருப்பார், யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்று. மூன்றே மாதத்தில் ஞானம் பிறந்துவிட்டது. கேமரா யார் கையில் இருந்தாலும் சரி, எல்லோரும் திரும்பிப் பார்ப்பது பட்டியல் வைத்திருப்பவனைத்தான்.

அதற்கப்புறம் அவர் வாழ்க்கையில் வளர்ந்ததெல்லாம் பட்டியல்தான். வண்டிப் பட்டியல் சாப்பாட்டுப் பட்டியலானது, அது நடிகர்களின் தேதிப் பட்டியலானது. தயாரிப்பு உதவியாளர், தயாரிப்பு நிர்வாகி, பத்தாம் வருடம் தயாரிப்பாளர். முதல் படம் நான்கு நாள் ஓடியது.* இன்னும் சில படங்கள் அதையும் எட்டவில்லை. சினிமா கையை உதறியது. டிவி வாரி எடுத்துக்கொண்டது.

(* 'நாள்' என்பதை 'வாரம்' ஆக்கச் சொன்னார். ஆக்கிவிட்டேன். அதற்குத்தானே சம்பளம்.)

3

முதல் தொடரின் முதல் நாள். அப்பா வேஷத்துக்குப் பேசிவைத்த நடிகர் வரவில்லை. அவருக்காகத் தைத்த சட்டை, வேன் கதவில் சாய்ந்து நின்ற மச்சானுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

"சும்மா உக்காந்து பேப்பர் படி மச்சான். வசனத்தை நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

சின்னத்திரையில் அது சகஜம். கேமராவில் படாமல் ஒருவர் நின்று வசனத்தைச் சொல்லச் சொல்ல, நடிகர் வாங்கிச் சொல்வார். பிராம்ப்ட் செய்வது என்பார்கள். இவர் சொல்ல அவர் சொல்ல, முந்நூற்றுப் பன்னிரண்டு எபிசோடு போனது. மச்சான் ஊருக்கே அப்பா ஆனார்.

அப்போதுதான் வினை வந்தது. பட்டியலில் பழம் தின்று கொட்டை போட்ட நம் தயாரிப்பாளர், ஒளிபரப்புப் பட்டியலில் இரண்டு எபிசோடை முன்பின்னாக எழுதிவிட்டார். திங்கட்கிழமை மாரடைப்பில் செத்துப்போன சித்தப்பா, செவ்வாய்க்கிழமை சோபாவில் உட்கார்ந்து காபியில் சர்க்கரை போதவில்லை என்றார். மறுநாள் சேனல் அதிகாரி செட்டுக்கு வந்து நின்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மச்சான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செத்தவனுக்குக் காபி குடுத்ததுதான் குடுத்த, சர்க்கரையாவது ஒழுங்காப் போட்டிருக்கக் கூடாதா மச்சான்?"

அதிகாரியும் சிரித்துவிட்டார். தயாரிப்பாளர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் மச்சான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபடி தொடர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் மச்சானின் படம் வந்து நின்றது. பக்கத்தில் வேறு ஒரு ஆளின் படம். கீழே எழுத்து: "இவருக்குப் பதில் இனி இவர்." ஊர் உலகத்துக்குத் தெரிந்த அதே நொடியில்தான் மச்சானுக்கும் தெரிந்தது. வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. ஏழு வயது மகள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்பா, இனிமே அவர்தான் அப்பாவா?"

பத்தொன்பது வருடமாக மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை மட்டும் அண்ணனைப் பார்க்க வருவாள். மச்சான் அவளை ஒருநாளும் தடுத்ததில்லை. இவர் தயாரித்த தொடர்களில் ஒரு எபிசோடைக்கூட அவர் பார்க்காமல் விட்டதுமில்லை. இதெல்லாம் தங்கை சொல்லி எனக்குத் தெரியும்.

4

மேலே உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். பச்சைப் பேனாவோடு படித்தார். ஓரக் குறிப்புகள்: "ஓப்பனிங் டல்." "காபி வேண்டாம்." "மச்சான் கேரக்டர் கதையை ஸ்லோ பண்ணுது. தூக்கிடலாம்."

"சார், அது கேரக்டர் இல்ல. உங்க தங்கச்சி வீட்டுக்காரர்."

"எனக்குத் தெரியும்யா. படிக்கிறவனுக்கு எதுக்கு?"

"அப்ப வேன்?"

"வேன் இருக்கட்டும். யாரோட வேன்னு போட வேண்டாம்."

(வாசகரே, இந்த இடத்தில் எனக்கே என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இந்த மனிதருக்குள் ஈரமே கிடையாதா? உண்டு. தாய்மாமன் காட்சி என்றால் மனிதர் உருகிவிடுவார். அவர் தொடர்களில் இதுவரை நாற்பது தாய்மாமன்கள் வந்துபோயிருக்கிறார்கள். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு மாமன் அழும்போதெல்லாம் இவர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சுவார். அதற்கு நான் அடைப்புக்குறி போட்டுத் தந்ததே இல்லை.)

அன்றைக்கே தங்கை ஆபீசுக்கு வந்தாள். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பத்திரிகைக்கு எழுதிய தாளை மேசையில் வைத்தாள். 'தாய்மாமன்' என்று எழுதி, எதிரே புள்ளி புள்ளியாக விட்டிருந்தது.

"அண்ணா, உன் மலர்ல அவர் பேர் ஒரு வரி வரட்டும். இங்க உன் பேரு வரும்."

"வரலேன்னா?"

"பெரியப்பா பையன் இருக்காரே. உன் போட்டோ பக்கத்துல அவர் போட்டோவை வச்சு, 'இவருக்குப் பதில் இனி இவர்'னு போட்டுடறேன். எல்லாம் நீ சொல்லிக் குடுத்ததுதானே?"

தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார். வசனம் கேட்கிறார் என்று புரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

[இங்கே 'அவர் மனம் மாறியது' என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் மாற்றியது வேறு.]

5

(இந்தக் கதையின் எழுத்தாளருக்குப் பதில் இனி இவர்.)

கலைத்தாயின் தவப்புதல்வர்! பத்து வயதில் தந்தையை இழந்து, தோள் கொடுக்க ஒரு தோழனும் இன்றித் தன்னந்தனியே எழுந்த இமயம்! தம் சொந்த வேனில், தம் கையாலேயே ஓட்டி, இருபத்து மூன்றாம் வயதில் முதல் படப்பிடிப்புக்குப் புறப்பட்ட அந்தப் பொன்னாளில், அருமைத் தந்தையார் வாசல்வரை வந்து தோளில் தட்டி...

6

பழையவன்தான், வந்துவிட்டேன். தொடக்கத்திலேயே சாகடித்த தந்தையை, புதியவர் மூன்றே வரியில் எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டார். தயாரிப்பாளர் நான்கு முறை படித்தும் கண்ணில் படவில்லை. அச்சகத்தை நடத்தும் பெண்ணின் கண்ணில் பட்டது. சரிசெய்ய ஆள் வேண்டும் என்று மதியம் என்னை அச்சகத்துக்கே வரச் சொன்னார்கள்.

மேசையில் இரண்டு புரூஃப் கிடந்தன. ஒன்று விழா மலர், ஒன்று கல்யாணப் பத்திரிகை. தங்கை விடாப்பிடியாக நின்றதில் மலரிலும் ஒரு பேருக்கு இடம் விட்டிருந்தது. அண்ணனும் தங்கையும் ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், அப்பாதான் பத்து வயசுலயே இறந்துட்டாரே. அப்புறம் எப்படி வாசலுக்கு வந்து தோளைத் தட்டறாரு?" என்று அச்சகக்காரப் பெண் கேட்டாள்.

தங்கை திரும்பாமலே சொன்னாள்: "வர்றதுக்கு முன்னாடி காபி குடிச்சாரான்னு கேளும்மா."

தயாரிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது வருடம் தாமதமாக வந்த சிரிப்பு. நான் கண்ணால் பார்த்தேன். சட்டென்று அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ரெண்டுமே மூணு மணிக்கு மெஷின்ல ஏறணும். ரெண்டுலயும் ஒரு பேர் பாக்கி. சொல்லுங்க," என்றாள் அந்தப் பெண்.

"அவ முதல்ல சொல்லட்டும்."

"அண்ணன்தானே மூத்தவர், அவரே சொல்லட்டும்."

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். கையில் ஹெல்மெட், தலை முழுக்க நரை. மனைவியை அழைத்துப்போக வந்த மச்சான்தான். பெஞ்சின் மறு ஓரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு அவரைத் தெரியாது.

"நீங்க யாரு சார்?" என்றாள்.

மச்சான் வாயைத் திறக்கவில்லை. பழைய பழக்கம் போலிருக்கிறது, வசனம் பக்கத்திலிருந்து வர வேண்டும். அவர் தயாரிப்பாளரைப் பார்த்தார். தயாரிப்பாளர் என்னைப் பார்த்தார்.

7

முடிவு ஒன்று: ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள், பின்னணியில் புல்லாங்குழல். [இதை அவருக்கு ஏற்கெனவே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.]

முடிவு இரண்டு: "யாரோ, தெரியலையே" என்கிறார். அடுத்த மாதம் மருமகளின் கல்யாணத்தை, யாரோ ஒரு தாய்மாமன் வீட்டுக் கல்யாணம் போல, வீடியோவில் பார்த்து மூக்கை உறிஞ்சுகி... [போதும்.]

முடிவு மூன்று: அந்த நேரம் பார்த்து போன் மணி அடிக்கிறது. [சீ.]

இல்லை. நாங்கள் இன்னும் அச்சகத்தில்தான் நிற்கிறோம். அவர் இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் கேட்டதற்கு ஒரே ஒரு சொல்தான் பதில். எனக்குத் தெரியும், இவ்வளவு தூரம் வந்த உங்களுக்கும் தெரியும். அதை அவர் சொல்லிவிட்டால் மலரிலும் பேர் வரும், பத்திரிகையிலும் பேர் வரும். ஆனால் பதினோரு வருடமாக அவர் வாயில் வந்ததெல்லாம் நான் எழுதியது. இதையும் எழுதினால் மச்சான் கண்டுபிடித்துவிடுவார், ஒரு எபிசோடு விடாமல் என் வசனத்தைக் கேட்டவர்.

மணி இரண்டே முக்கால். பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நீங்களும் தயவுசெய்து பிராம்ப்ட் பண்ணாதீர்கள்.