பாலம் இறங்கும் இடத்தில்

கார்குழலி கதவைத் திறந்தபோது மதிவாணன் தோளில் பையோடு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாதவன்போல் படியில் நின்றிருந்தான். சனிக்கிழமை காலை பத்து மணி. சென்னையிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தான். செல்போன் டவர்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் அவள் கணவன் வெற்றிவேலோடு ஏழு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். சாவுக்கு வரவில்லை. அப்போது கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. அதைப்பற்றித்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் காபியா டீயா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெற்றிவேல் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மாதத்தில் மூன்று வாரம் கருவடிக்குப்பத்து வீட்டிலேயே இருந்து வேலை செய்வான், ஒரு வாரம் சென்னை. அப்படிப் போன ஒரு வாரத்தில், தங்கியிருந்த அறையில், ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது. குழந்தை இல்லை. வீட்டில் கார்குழலியும் மாமியார் ராஜாம்பாளும்தான். கார்குழலி பதினாறாம் நாள் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். தவளக்குப்பத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிற வேலை. ஊசி ஏறும்போது ஆட்கள் முகத்தைச் சுளிப்பதையும், கண்ணை இறுக்கி மூடிக்கொள்வதையும் இப்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வலி என்பது இவர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்று தோன்றும். அவ்வளவுதான். அழுகையை யாரும் அவளிடம் பார்க்கவில்லை. தெருவில் அதைப்பற்றிப் பேசினார்கள் என்றும் அவளுக்குத் தெரியும். அதுவும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

மதிவாணன் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தான். வெற்றிவேலும் அவனும் சேர்ந்து செய்த ஒரு கண்டுபிடிப்புக்கு கம்பெனி பேட்டன்ட் வாங்கப்போகிறது. கண்டுபிடித்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும், இறந்தவருக்குப் பதிலாக வாரிசுகள் போட வேண்டும் என்று விளக்கினான். கார்குழலி போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். எட்டு மாதத்தில் பேங்கில், தாலுகா ஆபீசில், இன்ஷூரன்ஸில் எத்தனையோ மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துவிட்டாள்.

ராஜாம்பாள் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மில்லில் இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங் பார்த்தவள். நூற்பு மிஷின்களின் சத்தம் தின்றுவிட்ட காது. அவளிடம் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும்.

"என் புள்ள என்னா கண்டுபுடிச்சான் தம்பி? எனக்குப் புரியிற மாரி சொல்லு."

மதிவாணன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து உரக்க விளக்கினான். போன் பேசிக்கொண்டே பஸ்ஸில் போனால், ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் பேச்சு கைமாறிக்கொண்டே போகும். தவளக்குப்பம் போகிற வழியில், நோணாங்குப்பம் ஆற்றுப்பாலத்தில் மட்டும் அது தப்பாகிவிடும். தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி மாதிரி. எங்கேயோ தூரத்தில் இருக்கிற டவரின் சிக்னல் அதில் பட்டு எதிரொளித்து, பக்கத்தில் இருப்பதுபோல வரும். போன் ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். பாலம் இறங்கியதும் வீடுகள் அந்த சிக்னலை மறைத்துவிடும், பேச்சு அறுந்துவிடும். ஆனால் எல்லா நேரமும் இல்லை. கழிமுகத்தில் கடல்தண்ணீர் ஏறியிருக்கிற நேரத்தில்தான். எந்த டவர் எந்த நேரத்தில் இப்படிப் பொய்யாகப் பலம் காட்டும் என்று நெட்வொர்க் தானே கற்றுக்கொண்டு, அந்த நேரத்தில் மட்டும் அதை ஒதுக்கிவிடும். அதுதான் கண்டுபிடிப்பு.

"தண்ணி ஏறிருந்தாதான் கட் ஆவும்னு சொன்னது நான்," என்றாள் கார்குழலி.

பேனா முதல் மஞ்சள் சீட்டின்மேல் இருந்தது. அவள் குரல் ரிப்போர்ட் படிக்கிற குரல். மதிவாணன் அவளைப் பார்த்தான். ராஜாம்பாளுக்குக் கேட்கவில்லை.

வேலைக்குப் போகும்போதும் முடிந்து வரும்போதும் பஸ்ஸிலிருந்து வெற்றிவேலுக்கு போன் செய்வாள், பாலம் தாண்டியதும் அறுந்துவிடும். அவன் அதையே பிடித்துக்கொண்டான். டவரில் கூட்டம் என்று கொஞ்ச நாள், ஆண்டெனா சாய்ந்திருக்கிறது என்று கொஞ்ச நாள் சந்தேகப்பட்டான். அவளை மூன்று போன்களோடு அனுப்பி, எப்போதெல்லாம் அறுந்துபோகிறது என்று எழுதி வரச் சொன்னான். கிளினிக் லெட்டர்பேடின் பின்பக்கத்தில் அவள் நாற்பது நாள் எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். சேறு தெரிகிற அன்றைக்குப் பேச்சு அறுவதில்லை, தண்ணீர் தளும்பி நிற்கிற அன்றைக்குத்தான் அறுந்துபோகிறது, நாளைக்குப் பௌர்ணமி, சாயங்காலம் கட்டாயம் அறுந்துபோகும் பாருங்கள் என்று. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். கையில் சோறு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், கம்ப்யூட்டருக்குப் போனான்.

இதையெல்லாம் அவள் மதிவாணனிடம் சொன்னாள். சொல்லும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு யாருடைய வீட்டிலோ நடந்ததுபோல இருந்தது. குழம்பின் நிறம் ஞாபகம் இருந்தது. வெற்றிவேல் முகம் எப்படி இருந்தது என்று தேடினாள். கிடைக்கவில்லை.

மதிவாணன் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணன் ஒரு மெயில்ல எழுதியிருந்தாரு அண்ணி. தண்ணி விஷயம் 'கே' சொன்னதுன்னு, இங்கிலீஷ்ல ஒத்த எழுத்து. கே-ன்னா எங்க டீம்ல இருந்த கொளஞ்சின்னு நெனச்சேன். அவரு வேலைய வுட்டுட்டுப் போயி ஒரு வருசம் ஆச்சி." நிறுத்தினான். "நெனச்சேன்னு சொல்றதுகூடப் பொய்தான். கேட்டுப் பாத்திருக்கலாம், கேக்கல. அண்ணன் போனப்பறம் கம்பெனி வக்கீலுங்க, இது யாரு ஐடியான்னு கேட்டாங்க. என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

கார்குழலி காகிதத்தைப் புரட்டினாள். எல்லாம் ஆங்கிலம். தண்ணீர் என்ற சொல்லே எங்கேயும் இல்லை, நேரத்துக்கு நேரம் மாறும் எதிரொளிப்புப் பரப்பு என்று இருந்தது. முதல் பக்கத்தில் பெயர்கள். மதிவாணன். அதற்குக் கீழே வெற்றிவேல், பக்கத்தில் 'காலமானவர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்.

"இதுல நீங்க கையெழுத்துப் போட்டா இப்பிடியே போயிடும்," என்றான் அவன். "யாருக்கும் தெரியாது. போடலன்னா நான் போயி சொல்லணும். சொன்னா எனக்கு அங்க என்ன ஆவும்னு தெரியல. ரெண்டு புள்ளைங்க இருக்குது அண்ணி."

"அவரு பேரு எப்பிடியும் இருக்கும்ல?"

"இருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் தனக்குள் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். ஏமாற்றப்பட்டவளுக்கு என்ன வருமோ அது வரும் என்று. பஸ் வராத நிறுத்தத்தில் நிற்பது மாதிரி இருந்தது. தன் பெயர் அதில் வந்தால் அதனால் தனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கையெழுத்துப் போடுவதுதான் எளிது. கை அதற்குப் பழகியும் இருந்தது. ஆனால் சர்க்கரை இருநூற்றெண்பது என்று மிஷின் காட்டினால் இருநூற்றெண்பது என்றுதான் எழுத வேண்டும். வந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை மாற்றி எழுத அவளுக்குத் தெரியாது.

பேனாவை மூடி வைத்தாள்.

"போயி சொல்லிடுங்க தம்பி. எனக்கு உங்க மேல கோவம்லாம் இல்ல. நடந்தது அதான், அத எழுதச் சொல்லுங்க. அப்பறம் எடுத்துக்கிட்டு வாங்க, போட்டுத் தரேன்."

மதிவாணன் தலையாட்டினான். காகிதங்களை அடுக்கும்போது விளிம்புகள் சரியாகச் சேரவில்லை, மறுபடி மறுபடி தட்டினான். என்ன ஆச்சு, கையெழுத்துப் போட்டாயா என்று ராஜாம்பாள் உரக்கக் கேட்டாள். இன்னொரு தடவை வருவார்கள் என்று கார்குழலி அவள் காதருகே குனிந்து சொன்னாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல் என்றாள் கிழவி. அவன் இருக்கவில்லை.

வாளியைத் தூக்கிக்கொண்டு கார்குழலி மாடிக்குப் போனாள். துவைத்த துணிகளைக் கொடியில் போட வேண்டும். கீழே பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. தெருமுனையில் வலதுபக்கம் திரும்பினால் மெயின்ரோடு, சென்னைக்குப் போகிற வழி. இடதுபக்கம் சுடுகாட்டுக்குப் போகிறது. வெற்றிவேலை எடுத்த அன்றைக்கு, பெண்கள் வரக்கூடாது என்று அவளை அந்த முனையோடு நிறுத்திவிட்டார்கள். எடுத்துப்போனவர்களின் முதுகுகளை மட்டும்தான் பார்த்தாள். மதிவாணன் இடதுபக்கம் திரும்பினான். அங்கே வழி இல்லை என்று சொல்ல அவள் கைப்பிடிச்சுவர் பக்கம் வந்தாள். அவன் சுடுகாட்டு வாசலுக்கு முன்னால் பைக்கை நிறுத்தினான். இறங்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டு, வெயிலில் காய்ந்த மண்ணில் வெறுங்காலோடு உள்ளே நடந்தான். அவள் கையில் பிழியாத போர்வை இருந்தது. அதிலிருந்து தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகச் சொட்டுகிறது என்று தெரியவில்லை. ஜில்லென்றிருந்தது.