ஒயரக்காவின் சம்பளம்

பார்சல் கம்பெனியில் அவளை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கு முழுக்க ஓடும் நெட்வொர்க் அவள் பொறுப்பு. பெல்ட்டில் வரும் பெட்டியை ஸ்கேனர் படித்து, இது எந்த லாரிக்கு என்று சொல்ல வேண்டுமானால் நெட்வொர்க் ஓட வேண்டும். அது ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் வினை. ஒழுங்காக நடக்கும் வேலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? சம்பளம் மட்டும் எங்கிருந்து ஏறும்?

இதே வேலையை அவளுடைய கொழுந்தன் வேறோர் ஊரில் செய்கிறான். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பிள்ளை. அண்ணிக்கும் அங்கேயே ஓர் இடம் பேசி வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் வாரக் கடைசியில்தான் வீடு. கணவரால் இந்த ஊரை விட்டு வர முடியாது. மகளோ, அம்மா தலை பின்னிவிட்டால்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவாள்.

“ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டுப் பாரேன்” என்று காலையில் கணவர் சொன்னார். கேட்கக் கூச்சப்பட்டே இத்தனை வருஷத்தை ஓட்டியவள், இன்று கேட்டே தீருவது என்று வந்திருந்தாள்.

மதியம் மேனேஜரைப் பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முன்னால், லாரிகள் வந்து நிற்கும் புது வாசலின் ஸ்கேனர்களை இணைக்க உட்கார்ந்தாள். ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் மெயின் கருவியில் கை வைக்கும் வேலை. இசகுபிசகாக ஏதாவது தட்டிவிட்டால் கிடங்கே படுத்துவிடும். அதனால் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அரை மணி நேரம் கழித்துத் தானாக அணைந்து, மறுபடி இயங்கிப் பழைய நிலைக்குத் திரும்பிவிடு என்று கருவிக்கு முதலிலேயே சொல்லி வைப்பாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அந்த உத்தரவை ரத்து செய்வாள். அன்றைக்கு எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ரத்து செய்யப் போகும் நேரம் பார்த்து மேனேஜர் முன்கூட்டியே கூப்பிட்டார். அப்படியே எழுந்து ஓடினாள்.

தொகையைச் சொல்லும்போது பழைய கூச்சம் வந்து ஒட்டிக்கொண்டது. கொழுந்தன் வாங்குவதைவிடக் குறைத்தே சொன்னாள். அதற்கே மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நல்ல மனிதர்தான், பணம் என்றால் மட்டும் கை இறுகிவிடும்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இங்க நெட்வொர்க் நின்னு நான் பார்த்ததே இல்ல. அதுபாட்டுக்கு ஓடுது. அதுக்கு எதுக்கு இவ்வளவுன்னு மேல கேட்டா நான் என்ன சொல்ல?”

பதில் அவளுக்குத் தெரியும், சொல்லத்தான் கூச்சம். கொழுந்தனுக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தபோது, கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெல்ட் நின்றது. ஸ்கேனர்களின் கீச்சுச் சத்தமும் அடங்கியது.

அந்த உத்தரவை அவள் ரத்து செய்யவே இல்லை!

“அஞ்சு நிமிஷம் சார்” என்று கருவி இருந்த அறைக்கு ஓடினாள். ஓடி என்ன? கருவி தானாகவே மறுபடி எழும், அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வரும்வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். பெல்ட் நகர்ந்தது. சுமை ஏற்றும் ஆட்கள் கைதட்டினார்கள். மேனேஜர் வியர்வையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

“நல்ல வேளை, நீங்க இருந்தீங்க. நீங்க கேட்டதுக்கு இப்பவே மேல பேசறேன்” என்று போனை எடுத்தார்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? மகளின் தலையைத் தினமும் பின்னலாம். ஆனால் கைதட்டல் அவளைக் கூச வைத்தது.

“போனை வைங்க சார். நின்னது என்னாலதான்.”

அரை மணி நேர விஷயம் முழுவதையும் சொன்னாள். இந்த மாதிரி வேலை அடிக்கடி நடக்குமா என்று அவர் விசாரித்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நடக்கும், இன்றைக்குத்தான் மறந்துபோனேன் என்றாள்.

மேனேஜர் பெல்ட் பக்கம் திரும்பினார்.

“அப்போ இத்தனை வருஷமா நிக்காம இருந்ததும் உங்களாலதானா?”

“ஆமா சார்.” இதை ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் மறுபடியும் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் எடுப்பதற்குள் அவளிடம், “எவ்வளவு கேட்டீங்க?” என்றார்.

கொழுந்தன் வாங்கும் தொகையை, பைசா குறைக்காமல் சொன்னாள். மேனேஜர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அதே தொகையைப் போனில் சொன்னார்.